எட்டுக் கறுப்புக் கோழிகள்

இந்த வருடம் பின்வாங்கக் கூடாது என்று வெனிங் முடிவு செய்திருந்தாள். முடிவு செய்வதில் அவளுக்குச் சிரமம் இருந்ததே இல்லை. அதில் நிற்பதில்தான் சிரமம்.

யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே, சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில் இருந்த அச்சுப் பட்டறைக்கு மாலை வகுப்பில் படிக்க எட்டுப் பேர் வந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை அவர்களுக்குள் ஒரு பரிமாற்றம் நடக்கும். ஒவ்வொருவரும் தான் படம் கீறிய உலோகத் தகட்டிலிருந்து ஒரே படத்தை எட்டுப் படிகள் அச்சடித்துக் கொண்டுவர வேண்டும். அவற்றைப் பிரித்து எட்டு அட்டைப் பெட்டிகளில் அடுக்குவார்கள். ஆளுக்கொரு பெட்டி; பெட்டிக்குள் எட்டுப் பேருடைய படமும் ஒவ்வொன்று. எட்டுப் படிகளும் ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. ஒருவர் தராமல் விட்டால் அவருக்கு மட்டும் நஷ்டமில்லை, எட்டுப் பெட்டியும் குறைப் பெட்டியாகிவிடும்.

முதல் வருடம் வெனிங், கோடு சரியாக வரவில்லை என்று ஒதுங்கிக்கொண்டாள். போன வருடம் பெட்டி கட்டுகிற அன்றைக்கே வந்து, படம் தனக்கே பிடிக்கவில்லை என்று சொல்லிப் பையைத் திறக்காமலேயே வீட்டுக்குப் போனாள்.

அந்த எட்டுப் பேரில் பெட்டி வேலையைப் பார்த்துக்கொள்பவர் ராத்ரி. பகலில் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர், ஐம்பதை நெருங்கியவர், அம்மா என்ற அர்த்தத்தில் எல்லோரும் 'இபு' என்று கூப்பிடுபவர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இந்த வருட வேலை தொடங்கியபோதே வெனிங்கைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இதோ பாரும்மா, இந்தத் தடவையும் நீ குடுக்கலைன்னா அடுத்த வருஷம் ஏழு பேருக்குத்தான் பெட்டி. கோவத்துல சொல்லலை. அட்டை வெட்டுறவனுக்கு நான் கணக்கு சொல்லணும்ல?"

"குடுத்துடுவேன், இபு."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

பக்கத்தில் மை குழைத்துக்கொண்டிருந்த கண்டுங் சிரித்தான். அவன் சலவைக் கடை வைத்திருந்தான். வெனிங்கை விடப் பத்து வயது மூத்தவன், அவளுக்கு 'மாஸ்', அதாவது அண்ணன். அச்சடிக்கும்போது அவளுக்கு ஜோடி. அச்சு வேலையில் ஜோடி இல்லாமல் ஆகாது. ஒருவர் தகட்டுக்கு மை தடவித் துடைப்பார், அவர் கை கறுப்பாக இருக்கும். இன்னொருவர் ஈரக் காகிதத்தை எடுத்து வைப்பார், அவர் கையில் பொட்டு மை இருக்கக் கூடாது.

"குடுப்பா, இபு. நான் இருக்கேன்ல," என்றான். "கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்."

படத்துக்கு வெனிங் தேர்ந்தெடுத்தது ஒரு செமானி இனக் கோழி. அவள் தெருவின் கோடி வீட்டில் வளர்ந்தது. இறகு மட்டுமல்ல, கொண்டையும் கறுப்பு, காலும் கறுப்பு, வாயைத் திறந்தால் நாக்கும் கறுப்பு. வெள்ளைக் காகிதத்தில் அந்தக் கறுப்பைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று நினைத்தாள். அமிலத்தில் போட்டு அரிக்கவிடாமல் ஊசியாலேயே துத்தநாகத் தகட்டில் நேராகக் கீறினாள். பல் மருத்துவமனையில் அவள் உதவியாளர். சொத்தை பார்க்கும் கொக்கி ஊசி ஒன்று முனை வளைந்துபோய் ஒதுக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கித் தீட்டி வைத்திருந்தாள்.

இப்படிக் கீறும்போது ஏர் உழுத சாலின் ஓரத்தில் மண் ஒதுங்குகிற மாதிரி, கோட்டின் ஓரத்தில் உலோகம் பிசிறாக எழும்பி நிற்கும். விரலால் தடவினால் உறுத்தும். மை பள்ளத்தில் இறங்குவதோடு அந்தப் பிசிறிலும் ஒட்டிக்கொள்ளும். காகிதத்தில் கோட்டைச் சுற்றிப் பூனை முடிபோல மெத்தென்ற கறுப்பு விழுவது அதனால்தான். கோழிக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

முதல் சோதனைப் படியை ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எடுத்தார்கள். லாரியின் அச்சுத்தண்டை உருளையாக்கி உள்ளூரில் செய்த இயந்திரம் அது. சக்கரத்தைச் சுற்றினால் முனகும். முனகி முடிந்ததும் தாளின் மேல் போர்த்தியிருந்த கம்பளியை விலக்கிக் கண்டுங் காகிதத்தைத் தூக்கினான்.

"அடேயப்பா! கொத்திடும் போல இருக்கே!"

கோழி கன்னங்கரேலென்று நின்றிருந்தது. வெனிங் வெகுநேரம் பார்த்தாள்.

"வாலுக்குக் கீழே மை கொஞ்சம் கூடிடுச்சு, மாஸ்."

"எங்க?"

"இங்க."

"கோழியே கறுப்பு. அதுல கூடுனது குறைஞ்சதை நீ எதை வெச்சுக் கண்டுபிடிச்ச?"

ஆனாலும் இன்னொன்று எடுத்தார்கள். பிறகு இன்னொன்று. வெனிங்குக்கு ஒரு முறை இருந்தது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுவாள். மையில் எண்ணெய் ஒரு துளி கூட்டிப் பார்ப்பாள். அடுத்த தடவை மையைத் தொடாமல் காகிதத்தின் ஈரத்தை மட்டும் குறைப்பாள். பிறகு உருளையின் அழுத்தம், பிறகு துடைப்பது: கஞ்சி போட்ட துணியால் மட்டும், துணியும் தொலைபேசிப் புத்தகத் தாளுமாக, கடைசியில் சுண்ணப்பொடி தொட்ட உள்ளங்கையால். ஒவ்வொரு படியின் பின்னாலும் பென்சிலால் எதை மாற்றினாள் என்று எழுதிவைப்பாள். நாள்காட்டித் தாள் தீர்ந்ததும் ராத்ரி கொண்டுவந்த பழைய தேர்வுத் தாள்கள், அவை தீர்ந்ததும் சிமெண்டுப் பையின் உள்காகிதம். வாரங்கள் போயின. மற்றவர்கள் தங்கள் எட்டையும் முடித்துக் காயப்போட்டுவிட்டார்கள்.

"இன்னும் சோதனையா?" என்று ஒருநாள் ராத்ரி கேட்டார்.

"கிட்டத்தட்ட வந்துடுச்சு, இபு."

சோதனைப் படிகளுக்கு எண் கிடையாது. நல்ல காகிதத்தில் எடுப்பதற்குத்தான் கீழே பென்சிலால் எட்டில் ஒன்று, எட்டில் இரண்டு என்று எழுதுவார்கள். எண்ணிக்கையில் சேராதது தகட்டின் தேய்மானத்திலும் சேராது என்று அவள் மனம் எப்படியோ எடுத்துக்கொண்டிருந்தது. ஊசிக்கீறல் தகடு அதிகம் தாங்காது, பிசிறு தேய்ந்துவிடும் என்று வகுப்பின் முதல் மாதமே சொல்லியிருந்தார்கள். அவள் அதைக் கேட்டிருந்தாள், கேட்டு எழுதியும் வைத்திருந்தாள்.

பெட்டி கட்டுவது ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நல்ல காகிதத்தை நனைத்தார்கள். வெனிங் பத்துத் தாள் வாங்கியிருந்தாள், எட்டுக்கு எட்டும் சேதத்துக்கு இரண்டும். மையும் ஈரமும் அழுத்தமும் எவ்வளவு என்று இப்போது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். வாழ்க்கையில் இவ்வளவு நிச்சயமாக எதுவும் தெரிந்திருந்ததில்லை.

கண்டுங் காகிதத்தைத் தூக்கினான். அந்த முதல் தாளை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

கோழி சாம்பல் நிறத்தில் இருந்தது.

"மை கெட்டியாயிடுச்சு போல," என்றாள் வெனிங். மையைக் கொஞ்சம் சூடாக்கினாள். இரண்டாவது தாளை எடுத்தார்கள். கோழி முன்னதைவிட வெளுத்திருந்தது. இறகுகளின் கோடுகள் மெல்லிசாக, தனித்தனியாக, பாடப்புத்தகப் படம் மாதிரித் தெரிந்தன.

"நரைச்சுப் போச்சு, நிங்," என்றான் கண்டுங் மெதுவாக.

அவன் தகட்டைத் துடைத்து, கோழியின் முதுகில் விரலை வைத்துத் தடவினான். பிறகு அவள் விரலைப் பிடித்துத் தடவச் செய்தான். வழவழவென்று இருந்தது. எங்கும் உறுத்தவில்லை.

"பிசிறே இல்ல. எத்தனை எடுத்தோம்?"

சோதனைப் படிகள் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவள் எண்ணத் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டாள். மேலே இருந்தவை வெளிர், அடியில் போகப்போகக் கறுப்பு. ஒவ்வொரு வாரமும் அதற்கு முந்தின வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டதில் அவளுக்கு அது தெரியவே இல்லை. மையில் எண்ணெயைக் கூட்டியதும் குறைத்ததும் வீண். அவள் பார்த்ததெல்லாம் தகடு தேய்வதை.

"உப்புப் பாக்குறேன் உப்புப் பாக்குறேன்னு சட்டியையே காலி பண்ணிட்டியே," என்றான் கண்டுங். சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாகப் போயிற்று. "நானும் கூடத்தான் சக்கரம் சுத்தினேன். எனக்கும் தோணலை."

வெனிங் படிகளைத் திரும்ப அடுக்கினாள். ஒரு தணிவு அவளுக்குள் பரவியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் வந்த அதே தணிவு. வரவில்லை, விட்டுவிடலாம், வீட்டுக்குப் போகலாம்.

கண்டுங்குக்குத்தான் யோசனைகள் வந்துகொண்டே இருந்தன. "சோதனைப் படியிலயே நல்லதா எட்டு எடுத்துக் குடுத்துட்டா?"

"ஒண்ணு நாள்காட்டி, ஒண்ணு பரீட்சைத் தாள். பின்னாடி எவனோ கணக்குல முட்டை வாங்கியிருக்கான்."

"சரி, அப்போ இது. எட்டையும் இந்தத் தகட்டுலயே அடி. ஒண்ணுக்கொண்ணு வெளுத்துட்டேதானே போகும்? 'கோழிக்கு வயசாகுது'ன்னு பேர் வெச்சுடு. கலைன்னு சொல்லிடுவாங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசித்துப் பார்க்கும் அளவுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு பெட்டியில ஒண்ணுதானே, மாஸ், இருக்கும். எட்டையும் வரிசையா யார் பாப்பா? கடைசிப் பெட்டி கிடைக்கிற ஆளு ஒரு நரைச்ச கோழியைப் பாத்துட்டு மூடி வெச்சுடுவாரு. வயசாகுற கதை என் தலைக்குள்ளதான் இருக்கும்."

அப்போது ராத்ரி உள்ளே வந்தார். இரண்டு சாம்பல் கோழிகளையும் பார்த்தார். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"இப்பவே சொல்லிடும்மா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் பெட்டி கட்டுறேன். தர்றியா, இல்லையா?"

"மறுபடியும் கீறப் போறேன்."

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"இதே தகட்டுலயா?"

"இதே தகட்டுல."

"காகிதம்?"

"எட்டு இருக்கு."

"அப்போ சோதனைக்கு?"

"சோதனை இல்ல," என்றாள் வெனிங். அதைக் கேட்டுக் கண்டுங் வாயைப் பொத்திக்கொண்டான்.

கீறின கோட்டின் மேலேயே கீறுவது நினைத்த மாதிரி இல்லை. சனிக்கிழமை மருத்துவமனையிலிருந்து வந்து உட்கார்ந்தவளுக்கு அது பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஊசி பழைய பள்ளத்தில் விழுந்ததும் வழுக்கிக்கொண்டு ஓடியது. புதுப் பிசிறு எழும்பவில்லை. பழைய கோடுகளுக்கு இடையில் புதுக் கோடுகள் போட வேண்டியிருந்தது. போட்டால் கோழி பருத்தது. கழுத்தில் முன்பு இருந்த வளைவு போயிற்று. அது அவளுக்குப் பிடித்த வளைவு.

கொஞ்சம் மையை விரலால் தேய்த்துத் துடைத்துப் பார்த்தால் எந்த இடம் கறுக்கும், எது கறுக்காது என்று தெரிந்துவிடும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மைப்புட்டியை இரண்டு முறை எடுத்தாள், இரண்டு முறையும் திருப்பி வைத்தாள். ஒரு தடவை துடைத்தால் ஒரு தடவைக்கான பிசிறு போகும். விரல் நுனியால் மட்டும், அழுத்தாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உறுத்துகிறதா, உறுத்துகிறது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்டுங் பட்டறை வாசலில் நின்று, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு வறுத்த தெம்பே சோயாத் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தான்.

"மாஸ்! கை!"

"என்ன கை?"

"எண்ணெய்! எட்டுத் தாள்தான் இருக்கு. ஒரு விரல் பட்டாலும் போச்சு."

"ஊர்த் துணியெல்லாம் துவைக்கிற கை, இதைவிடச் சுத்தமான கை இந்த ஜில்லாவுல கிடையாது," என்று சொல்லிக்கொண்டே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறையும் கழுவினான்.

வெனிங் மை தடவினாள். துணியாலும் பிறகு உள்ளங்கையாலும் வட்டமாகத் துடைத்தாள். கோழியின் மேல் வந்தபோது கையை லேசாக்கினாள். கண்டுங் மடித்த அட்டைத் துண்டுகளால் ஈரத் தாளின் இரு மூலைகளைப் பிடித்துத் தூக்கித் தகட்டின் மேல் இறக்கினான். கம்பளியைப் போர்த்தினார்கள். சக்கரம் முனகியது.

தாளைத் தூக்கியதும் இருவரும் குனிந்தார்கள்.

கறுப்பு. நல்ல கறுப்பு. முதல் நாள் நாள்காட்டித் தாளில் வந்த கோழி அல்ல. அதைவிடக் குண்டு, கொஞ்சம் முரடு, சண்டைக்கு வந்த மாதிரி இருந்தது. ஆனால் மெத்தென்று, கண்ணை உள்ளே இழுக்கிற கறுப்பு. வெனிங்குக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது. கோழியின் அலகிலிருந்து ஒரு கோடு கீழ்நோக்கி, வெற்றிடத்தில், சுண்டு விரல் நீளத்துக்கு ஓடியது. ஊசி எங்கோ வழுக்கியிருக்கிறது. கீறும்போது அவள் கண்ணில் படவில்லை.

அவள் கை தானாகத் தேய்ப்பானைத் தேடியது. வழவழப்பான உருக்கு முனை. நாலு தேய் தேய்த்தால் அந்தக் கோடு மறைந்துவிடும். ஒரு நிமிட வேலை.

தேய்ப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். கண்டுங் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அழித்தால் அடுத்த படியில் கோடு இருக்காது. முதல் படியில் இருக்கும். முதல் படிக்கு மாற்றாக வேறு தாள் இல்லை. எட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டுமென்றால், இந்தக் கோடு எட்டிலும் இருந்தாக வேண்டும்.

"என்ன பண்ணப் போற?" என்றான் கண்டுங்.

"ஒண்ணும் பண்ணக் கூடாது," என்றாள். "இன்னும் ஏழு தடவை இதே தப்பைப் பண்ணணும்."

"அது உனக்குக் கஷ்டம்தான்."

தேய்ப்பானை அவனிடமே கொடுத்தாள். "எங்கயாச்சும் தள்ளி வை, மாஸ்." அவன் அதைக் கொண்டுபோய் ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, திரும்ப வந்து மறுபடியும் கை கழுவினான்.

இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் முதுகுப் பக்கம் கறுப்பு ஒரு இழை தளர்ந்ததை வெனிங் கண்டாள். இந்த முறை அவளுக்கு அது எதனால் என்று தெரியும். முப்பது சோதனைப் படிகள் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று உபயோகப்பட்டது. ஆறாவதுக்கு உள்ளங்கைத் துடைப்பை விட்டுவிட்டுத் துணியோடு நிறுத்திக்கொண்டாள். தகட்டின் மேல் லேசான மை மூட்டம் மிஞ்சி, தளர்ந்த இடத்தை மூடியது. ஏழாவதுக்கும் அப்படியே. எட்டாவது தாளைக் கண்டுங் தூக்கியபோது அவன் நெற்றியில் வியர்வை திரண்டு நின்றது. தாளில் விழுந்துவிடாமல் இருக்கத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே தூக்கினான்.

ராத்ரி மற்றவர்களோடு வந்தபோது எட்டுக் கோழிகளும் மேசையில் வரிசையாகக் கிடந்தன, ஈரம் காயாமல். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார். திரும்ப வந்தார். ஏழாவதின் மேல் குனிந்தார்.

"இது கொஞ்சம் மூட்டமா இருக்கு."

வெனிங் ஆமாம் என்று சொல்லப் போனாள். மற்ற குறைகளையும் சேர்த்துச் சொல்லத் தயாராக இருந்தாள்: கழுத்து வளைவு, ஐந்தாவதின் முதுகு, கால் நகம். கண்டுங் அவள் காலை மிதித்தான்.

"அலகுல என்ன? வைக்கோலா?" என்றார் ராத்ரி.

"புழுவா இருக்கும்," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"ஊசி வழுக்கிடுச்சு, இபு," என்றாள் வெனிங்.

"எட்டுலயும் வழுக்கியிருக்கே." ராத்ரி கண்ணாடியைக் கழற்றினார். "சரி, கையெழுத்தைப் போடு. நடுவுல மெழுகுத்தாள் வெச்சுத்தான் அடுக்கணும், ஒட்டிக்கப் போகுது. இவ்வளவு கடைசியிலயா அடிப்பாங்க?"

அவ்வளவுதான். வெனிங் பென்சிலை எடுத்தாள். எட்டில் ஒன்று, எட்டில் இரண்டு. நான்கு சற்றுக் கோணலாக விழுந்தது. அழித்து எழுதலாமா என்று நினைத்து, விட்டுவிட்டாள். மூட்டமான அந்த ஏழாம் எண் யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில் வரும். அதைத் தானே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாமென்று தோன்றியது. கேட்கவில்லை.

பெட்டிகள் கட்டி முடிந்தபின் ஒரு வேலை பாக்கியிருந்தது. எட்டுக்கு மேல் யாரும் அடிக்க மாட்டார்கள் என்பதற்கு அடையாளமாக, ஒவ்வொருவரும் தன் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். மற்ற ஏழு பேரும் கிழித்துவிட்டார்கள். வெனிங்குக்கு இதுவரை அதற்கு அவசியம் வந்ததில்லை.

ராத்ரி ஊசியை நீட்டினார்.

தகடு சுத்தமாகத் துடைத்துக் கிடந்தது. கழுத்தைச் சரிபண்ணலாம். அலகுக் கோட்டை எடுத்துவிடலாம். இனி அவசரம் ஏதுமில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்தால் இந்தக் கோழியை நிஜமாகவே நன்றாகச் செய்துவிடலாம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்றவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

"கீறும்மா. அந்தித் தொழுகைக்கு முன்னாடி நான் இன்னும் மார்க்கெட் போகணும்."

வெனிங் ஒரு மூலையில் ஊசியை ஊன்றி, கோழியின் மேலாக எதிர் மூலைக்கு இழுத்தாள். கொண்டையருகே ஊசி சற்றுத் தடுக்கியது. அழுத்தி இழுத்தாள். கோடு நேராக வரவில்லை.

"இன்னொரு தடவை கிழிக்கட்டுமா, இபு? இது கோணலா..."

சிரிப்பில் மீதியை யாரும் கேட்கவில்லை. கண்டுங் அவள் கையிலிருந்து ஊசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் குளிர்தேநீர் வாங்கக் கிளம்பினான்.